போதும் என்று சொல்லும் பெட்டி

"கட்-அவுட்" என்றதும் நம்மில் பலருக்குச் சினிமாக் கொட்டகை வாசலில் நிற்கும் நட்சத்திரங்களின் பிரம்மாண்டமான படம்தான் ஞாபகம் வரும். விருதுநகரிலும் சிவகாசியிலும் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்க்கிறவர்களுக்கோ அது ஒரு சின்னஞ்சிறு பெட்டி. டைனமோ உண்டாக்கும் மின்சாரத்தைப் பாட்டரிக்கு அளந்து கொடுக்கும் பெட்டி. அதன் சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறேன். சரித்திரம் என்றால் ராஜாக்களும் யுத்தங்களும் மட்டுந்தானா, என்ன?

டைனமோவுக்கு நிதானம் கிடையாது. வண்டி கடைவீதியில் ஊர்ந்தால் கொஞ்சமாய்க் கொடுக்கும். சாத்தூர் சாலையில் பறந்தால் வாரி வழங்கும். பாட்டரியின் சமாசாரம் வேறு. குறைந்தால் பட்டினி, மிஞ்சினால் அஜீரணம். உள்ளே இருக்கும் திராவகம் கொதித்து, ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஒரு பொறி பட்டால் அது வெடிக்கும்.

1920-களில் இந்தக் கவலை ஓட்டுகிறவர் தலையிலேயே இருந்தது. டைனமோவில் மூன்றாவது பிரஷ் ஒன்றை வைத்து மின்னோட்டத்தை ஓரளவு அடக்கினார்கள். மற்றபடி, அரைச் சார்ஜா, முழுச் சார்ஜா என்று அவரே ஸ்விட்சைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பகலெல்லாம் மறந்துவிட்டால் பாட்டரி பாழ்.

1930-களில் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனி மோட்டார் சைக்கிள்களுக்குக் கொண்டுவந்த பெட்டி அந்தக் கவலையைத் தானே ஏற்றுக்கொண்டது. உள்ளே இரண்டு மின்காந்தங்கள். மின்னழுத்தம் கூடினால் முதல் காந்தம் ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும்; தொடுமுனை பிரியும்; டைனமோவின் காந்தச் சுருளுக்குப் போகும் மின்சாரம் ஒரு தடையின் வழியே சுற்றிப் போக நேரும்; டைனமோ அடங்கும். அடங்கியதும் வில் தகட்டை விடுவிக்கும். வினாடிக்குப் பல முறை இந்தப் பஞ்சாயத்து நடக்கும். எஞ்சின் நின்றதும், பாட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் கதவடைப்பது இரண்டாவது காந்தம். அதுதான் அசல் கட்-அவுட். நம் ஊர் மெக்கானிக் பெட்டி முழுவதற்குமே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்.

வெயிலையும் அந்தப் பெட்டி கணக்கில் எடுத்துக்கொண்டது. சூடேறிய பாட்டரிக்குக் குறைந்த அழுத்தமே போதும். ஆகவே, சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு ஒன்று அளவைத் தானே குறைக்கும். கரிசல் காட்டுச் சித்திரை வெயிலில் அது எவ்வளவு பெரிய உபகாரம்!

அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் டைனமோவோடு மாக்னெட்டோவும் சேர்ந்திருந்தது. பாட்டரி செத்தாலும் மாக்னெட்டோ பொறி கொடுக்கும். விளக்கில்லாமலாவது வீடு சேரலாம். 1961-ல் மைசூரில் தயாராகத் தொடங்கிய ஜாவாவுக்கு அந்தச் சலுகை இல்லை. எஞ்சினுக்குப் பொறி தருவதே பாட்டரிதான். கட்-அவுட் தவறினால் வண்டியைத் தள்ள வேண்டியதுதான். அதே 1961-ல் சென்னையில் லூகாஸ்-டி.வி.எஸ். பிறந்தது, மோட்டார் வாகன மின்கருவிகள் உள்நாட்டிலேயே உற்பத்தியாக வழி பிறந்தது.

பின்னர் ஆல்டர்னேட்டர் வந்தது. அதில் சுழல்வது நிரந்தரக் காந்தம். அதை அடக்க முடியாது. ஆகவே 1960-களில் ஜீனர் டயோடு என்ற சிறு வில்லை, மிஞ்சிய மின்சாரத்தைச் சூடாக்கி வெளியே விட்டது. இன்றைக்கோ அசையும் பாகமே இல்லாத எலெக்ட்ரானிக் கருவிகள். பழைய வண்டிப் பிரியர்கள் அவற்றைப் பழைய பெட்டியின் கூட்டுக்குள் மறைத்து வைக்கிறார்கள். பொய்தான், ஆனால் பாட்டரியைக் காப்பாற்றும் பொய். எனக்கு ஆட்சேபணை இல்லை. தொடுமுனையை எமரித் தாளால் தேய்த்து, வில்லைக் கால் திருகு திருகி அளவு பார்க்கும் கைகள் குறைந்து வருகின்றனவே என்பதுதான் வருத்தம்.

அந்தக் கைவித்தை சிவகாசி வட்டாரத்துக்குப் புதிதல்ல. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அன்றிலிருந்து நெருப்பை அளந்து அடைப்பதே அந்த ஊரின் பிழைப்பு. ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று சட்டமே சொல்கிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அனுமதிக்கு மேல் ஆட்களும் மருந்தும் இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன.

மின்சாரத்தை உண்டாக்கும் கருவியைக் கண்டுபிடித்தவர்களை உலகம் கொண்டாடுகிறது. "போதும்" என்று சொல்லும் கருவியைச் செய்தவர்களுக்கு அந்தப் பெருமை இல்லை. கந்தக பூமியில் வாழ்கிறவர்கள் மட்டுமாவது அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.