கம்பம் பள்ளத்தாக்கின் திருகை
கையால் சுற்றும் கருவிகளில் கம்பம் பள்ளத்தாக்கு வீடுகள் நெடுங்காலம் நம்பியிருந்தது திருகையை. அடிக்கல்லின் நடுவே ஒரு முளை. அதில் பொருந்தும் மேற்கல்லில் தானியம் இடும் குழியும் மரக் கைப்பிடியும். ஒரு கை சுற்ற, மறு கை பிடிபிடியாகத் தானியம் போடும். மாவு விளிம்பைச் சுற்றி உதிரும். கேழ்வரகும் சோளமும் மாவாயின. துவரையும் உளுந்தும் பருப்பாக உடைந்தன. தேய்ந்த கல்லை உளியால் கொத்திக் கொடுப்பது தனித் தொழிலாக இருந்தது. கொத்தாத திருகை அரைக்காது, வெறுமனே வழுக்கும்.

1895இல் முல்லைப் பெரியாறு அணை நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இறங்கியபின் ஆற்றோரம் நெல் பெருகியது. ஆனால் மானாவாரி நிலம் மிகுந்த ஆண்டிபட்டிப் பக்கம் திருகை ஓயவில்லை. அதை ஓரங்கட்டியது மாவு மில். ஊறிய தானியத்தை அரைத்த ஆட்டுக்கல்லின் வேலையையோ, 1955இல் கோவையில் சபாபதி என்பவர் உருவாக்கிய கிரைண்டர் எடுத்துக்கொண்டது.