படர்தாமரையும் பரிசுக் காளையும்



மேலைநாட்டுக் கால்நடைக் கண்காட்சியொன்றின் வாயிலை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். ஓராண்டு காலமாக ஊட்டி வளர்த்து, நாள்தோறும் குளிப்பாட்டி, மயிரை வாரி மினுக்கி, மக்கள் கூட்டத்தின் நடுவே அமைதியாக நடக்கப் பழக்கிய இளங்காளையொன்றை அதன் உடையவர் கயிற்றிற் பிடித்து வருகிறார். வாயிலில் நிற்கும் மிருக வைத்தியர் அதன் கண்ணோரத்தை உற்று நோக்குகிறார். அங்கே நாணயமொன்றின் அளவில் மயிர் உதிர்ந்து, சாம்பல் நிறப் பொருக்குப் படிந்த வட்டமொன்று தெரிகிறது. அவ்வளவுதான். காளை உள்ளே நுழைய இயலாது. ஓராண்டு உழைப்பும் வந்த வழியே வண்டியேறித் திரும்புகிறது.

இந்நோய் மாட்டைக் கொல்வதில்லை. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மாதங்களுள் தானாகவே ஆறியும் விடுகிறது. அங்ஙனமாயின் இத்துணை அச்சம் எதற்கு? இது மாட்டிலிருந்து மாட்டுக்கும், மாட்டிலிருந்து மனிதனுக்கும் தொற்றுவது. தோலிற் பதியும் வடு, பதனிட்ட தோலின் விலையையும் குறைத்துவிடுவது. ஆயினும் இதன் மெய்யான காரணத்தை மனிதன் அறிந்துகொள்ள நெடுங்காலம் சென்றது. அறிந்த பின்னரும் அவ்வறிவு மாட்டுக்கொட்டிலைச் சென்றடைய மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அக்கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

முதலிற் பெயரை நோக்குவோம். ஆங்கிலேயர் இதனை ‘வளையப் புழு’ என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். இலத்தீன் மொழியில் இதற்கு வழங்கிய ‘தீனியா’ என்ற பெயர், துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவைக் குறிப்பது. துணியைப் பூச்சி அரிப்பதுபோலத் தோலையும் ஏதோவொரு புழு அரிக்கின்றது என்று அவர்கள் எண்ணினர். நம்மவரும் இதனை ‘வண்டுகடி’ என்றனர். இதற்கு மருந்தாகும் சீமையகத்திச் செடிக்கு ‘வண்டுகொல்லி’ என்று பெயரிட்டனர். ஆனால் ‘படர்தாமரை’ என்ற மற்றொரு பெயரும் நம்மிடையே உண்டு. நீரிற் படரும் இலைபோல வட்டமாக விரிவது என்பதே அதன் கருத்து. புழுவுமில்லை, வண்டுமில்லை, விதைபோன்ற வித்திகளால் முளைத்துப் படரும் ஓர் உயிரே இதற்குக் காரணம் என்று பின்னாளில் விஞ்ஞானம் கண்டபோது, அப்பெயரே உண்மைக்கு மிக அண்மையில் நின்றது.

இனிக் கண்காட்சிகளின் வரலாற்றுக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ரொபேர்ட் பேக்வெல் போன்றோர் கால்நடைகளைத் தேர்ந்து இனவிருத்தி செய்யும் முறையை வளர்த்தனர். சிறந்த மாட்டைப் பலர் காணச் செய்வது பெருமையும் வாணிபமும் ஆயிற்று. 1796 ஆம் ஆண்டிற் பிறந்த ‘டர்ஹாம் எருது’ எனப் புகழ்பெற்ற எருதை, 1801 முதல் ஏறத்தாழ ஆறாண்டுகள் தனி வண்டியிலேற்றி ஊரூராகக் காட்டினர். 1798 இல் ஸ்மித்பீல்ட் சங்கம் தோன்றியது. பின்னர் அரச விவசாயச் சங்கம் எனப் பெயர்பெற்ற அமைப்பு, 1839 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் நகரில் தன் முதற் கண்காட்சியை நடத்தியது. ‘விஞ்ஞானத்தோடு கூடிய செயல்முறை’ என்பது அச்சங்கம் ஏற்ற குறிக்கோளுரை.

பல ஊர் மாடுகள் ஓரிடத்திற் கூடுங்கால் பரிசுகள் மட்டுமா கைமாறும்? ஒரே தூணில் உராய்தலும், ஒரே தூரிகையால் வாரப்படுதலும், ஒருவர் தலைக்கயிற்றை மற்றொருவர் இரவல் பெறுதலும் நோய்க்கு நல்ல பாலங்களாயின. கண்காட்சிக்கு வருவன பெரும்பாலும் இளம் விலங்குகள். இளங்கன்றுகளையே இந்நோய் மிகுதியாகப் பற்றும். குளிர்காலத்தில் அவற்றை ஒளி குறைந்த கொட்டில்களில் நெருக்கி அடைத்து வைப்பதும் நோய்க்குத் துணைசெய்தது.

நேயர்களே, அந்த 1839 ஆம் ஆண்டை நினைவிற் கொள்ளுங்கள். அவ்வாண்டிலேயே சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் யொஹான் லூக்காஸ் ஷோன்லைன் என்னும் மருத்துவப் பேராசிரியர் மிகச் சுருங்கிய கடிதமொன்றை வெளியிட்டார். மனிதர் தலையிற் காணும் ஒருவகைப் பொருக்கு நோயில் தாம் ஒரு பூஞ்சணத்தைக் கண்டதாக அவர் எழுதினார். அவரை இவ்வழியில் தூண்டியது பட்டுப்புழு! இத்தாலியின் லோடி நகரைச் சேர்ந்த அகொஸ்டினோ பாஸி என்பவர், பட்டுப்புழுக்களைக் கொல்லும் வெண்பொடி நோய் ஒரு நுண்ணிய பூஞ்சணத்தால் உண்டாகித் தொற்றுகிறது என்று பல்லாண்டு ஆராய்ந்து 1835 இல் வெளிப்படுத்தியிருந்தார். புழுவுக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்தலாமன்றோ என்று ஷோன்லைன் எண்ணினார்.

ரொபேர்ட் றேமாக் என்பவர் அப்பொருக்கைத் தம் கையிலேயே தடவி நோயை வரவழைத்து, அது தொற்றுவதைத் தம் உடலாலேயே காட்டினார். பாரிஸ் நகரில் வாழ்ந்த ஹங்கேரி நாட்டு மருத்துவர் டேவிட் குரூபி, இவர்களைச் சாராமல் தாமே நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு 1841 முதல் 1844 வரை இவ்வகை நோய்களின் பூஞ்சணங்களை ஒன்றன்பின் ஒன்றாக விவரித்தார். 1845 இல் சுவீடன் நாட்டு மால்ம்ஸ்டன் அவற்றுள் ஒரு வகைக்கு ‘திரைக்கோபைற்றன்’ எனப் பெயரிட்டார். ‘மயிரில் வளரும் செடி’ என்பது அதன் பொருள். மாடுகளைப் பற்றும் இனம் ‘திரைக்கோபைற்றன் வெருக்கோசம்’ என்னும் பெயரை 1902 இற் பெற்றது. பூஞ்சணம் தாவரமன்று, தனியோர் உயிர்க்குலம் என்று நாம் இன்று கொள்ளினும் அப்பெயர் நிலைத்துவிட்டது.

இத்துணையும் கண்ட பின்னரும் உலகம் என் செய்தது? குரூபியின் ஆய்வை மருத்துவ உலகம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மறந்திருந்தது. 1890 களில் பாரிஸ் மருத்துவர் றேமொன் சபூறோ அதனை மீண்டும் நிலைநாட்டினார். 1910 இல் இந்நோய்கள் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். ஆய்வுகூடங்களிற் பூஞ்சணம் வளர்க்கும் ஊடகமொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

காரணம் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. கொட்டிலில் உழவன் கந்தகத்தைக் கொழுப்பிற் குழைத்துப் பூசினான், தார் தடவினான், அயடீன் இட்டான். சிலர் இயந்திரத்திலிருந்து வடித்த பழைய எண்ணெயையும் பூசினர். அது மாட்டுக்கு நஞ்சாவது. இரண்டு மூன்று மாதங்களில் நோய் தானாகவே ஆறும் இயல்பினதாகையால், கடைசியாகப் பூசியது எதுவோ அதுவே புகழ் பெற்றது! மனிதர் மருத்துவத்திலும் அவசரம் தீங்கு விளைத்தது. 1904 இல் சபூறோவும் அவர் துணைவரும் சிறுவர் தலைமயிரை எக்ஸ் கதிரால் உதிர்த்து நோயைப் போக்கும் முறையை வகுத்தனர். அது பல நாடுகளிற் பரவிற்று. அங்ஙனம் கதிரேற்ற பிள்ளைகளுட் பலருக்குப் பின்னாளில் மூளைக் கட்டிகளும் கேடயச் சுரப்பிப் புற்றும் உண்டானமை பிற்பட்ட ஆய்வுகளால் வெளிப்பட்டது. இஸ்ரேல் நாடு 1994 இல் அத்தகையோருக்கு ஈடு வழங்கச் சட்டமும் இயற்றியது. தானாக ஆறக்கூடிய நோயொன்றுக்குத் தகாத மருந்து நோயினும் கொடிதாகலாம் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

தக்க மருந்து வேறொரு பூஞ்சணத்திலிருந்தே வந்தது. 1939 இல் இலண்டனில் ஒக்ஸ்போர்ட், றெய்ஸ்றிக், சிமொனார் ஆகியோர் பெனிசிலியம் இனப் பூஞ்சணமொன்றிலிருந்து ‘கிரிசியோபுல்வின்’ என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் பயன் பத்தொன்பது ஆண்டுகள் மறைந்து கிடந்தது. 1958 இல் ஜென்ரில்ஸ் என்பவர், அதனை வாய்வழி கொடுத்தால் கினிப் பன்றியின் படர்தாமரை நீங்குவதைக் காட்டினார். அதே ஆண்டில் லோடரும் ஓசலிவனும் மாடுகளில் அதன் பயனை ஆராய்ந்து வெளியிட்டனர். ஒக்ஸ்போர்ட் கண்காட்சிக்கும் ஷோன்லைன் கடிதத்திற்கும் பின் 119 ஆண்டுகள் கழித்தே விஞ்ஞானமும் செயல்முறையும் இவ்விடத்தில் உண்மையாகவே கைகோத்தன. எனினும் அம்மருந்து கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியது. மனிதர் உண்ணும் இறைச்சியையும் பாலையும் தரும் விலங்குகளுக்கு அதனைக் கொடுக்க ஐரோப்பிய ஒன்றியம் இன்று இடமளிப்பதில்லை. சுண்ணாம்புக் கந்தகக் கரைசல், எனில்கொனசோல் முதலிய கழுவு மருந்துகளே இப்போது பெரிதும் பயன்படுகின்றன.

ஆனால் இக்கதையின் உயர்ந்த கட்டம் மருந்தன்று, தடுப்பு. ஒருமுறை இந்நோயுற்று ஆறிய மாடு மீண்டும் எளிதில் நோயுறுவதில்லை. இதனைக் கருத்திற்கொண்டு சோவியத் நாட்டு விஞ்ஞானி சர்க்கீசோவும் அவர் குழுவினரும் உயிருள்ள பூஞ்சணத்தைக் கொண்டு தடுப்பூசி ஒன்றை ஆக்கினர். அது 1970 களில் வழக்கத்திற்கு வந்தது. நோர்வே நாட்டினர் அதனைக் கையாண்டு, கவுஸ்டால் என்னும் பகுதியில் 1980 களில் முறையாக ஊசியிட்டும் கொட்டில்களைத் தூய்மைசெய்தும் நோயை அடியோடு அகற்றினர். ஊசி மட்டும் போதாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஏனெனில் உதிர்ந்த பொருக்கிலும் மரத்தூணிலும் வித்திகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

ஆதலால், கண்காட்சிக்கு மாடு வளர்ப்போர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் எளியனவே. புதிதாக வந்த மாட்டைச் சில வாரங்கள் தனியே கட்டுதல். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் தூரிகையும் கயிறும் வைத்தல். கொட்டிலுள் ஒளியும் காற்றும் புகச் செய்தல். தூண்களையும் தடுப்புகளையும் தேய்த்துக் கழுவித் தொற்றுநீக்கி இடுதல். கையுறை அணிந்து பொருக்கை நீக்கி, அதனைச் சிதறவிடாமல் எரித்தல். கண்காட்சிக்கு முந்திய வாரத்திலன்றிப் பல மாதங்கள் முன்னரே மிருக வைத்தியரை நாடுதல். வட்டத்தைச் சாயமிட்டு மறைத்து வாயிலைக் கடப்பவர் ஒரு பரிசைப் பெறலாம். அயலவர் பட்டிகள் பலவற்றுக்கு நோயையும் கொடுத்தவராவார்.

முடிக்குமுன் என் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். நான் இளம் ஆசிரியனாயிருந்த நாளில், கிராமப் பாடசாலையொன்றில், பன்னிரண்டு வயது மாணவன் ஒருவனின் முன்கையில் இவ்வட்டம் தோன்றியது. மற்றப் பிள்ளைகள் முகஞ்சுளித்தனர். நான் அவனைத் தனி வாங்கில் இருத்தி, “சுத்தமாக வரப் பழகு” என்று கடிந்தேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. இரு வாரங்களின்பின் அவன் வீட்டுக்குச் சென்றேன். முற்றத்தில் அவன் கன்றொன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். கன்றின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் வட்டங்கள். “ஐயா, நான் ஒவ்வொரு நாளும் குளிக்கிறனான்” என்றான் அவன். என்னால் மறுமொழி கூற இயலவில்லை. பையனுக்கும் கன்றுக்கும் சேர்த்து மருந்திட்டபோது இருவரும் நலமடைந்தனர். அவன் இழந்த பாடநாட்களை மாலைவேளைகளில் நான் ஈடுசெய்தேன். நான் சொன்ன சொல்லை ஈடுசெய்ய வழி கண்டேனில்லை.

பாஸி பட்டுப்புழுவைப் பழிக்கவில்லை; அதன் நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அக்கேள்வியிலிருந்தே இவ்வரலாறு முழுவதும் விரிந்தது. ஒரு வட்டத்தைக் கண்டவுடன் அருவருக்காமல், அது வந்த வழியைக் கேட்கப் பழகுவோமாக.