ஈசினோபீலியா கண்ட வரலாறு

நள்ளிரவில் இருமல் எழும்புகிறது, மூச்சு இளைக்கிறது, உடல் நாளுக்கு நாள் மெலிகிறது. எக்ஸ்ரே படத்திலோ நுரையீரல் முழுவதும் பொடிப்பொடியான நிழல்கள். 1930-களில் இத்தகைய மனிதருக்குக் காசநோய் என்றே முடிவு கட்டுவர். அந்நாளில் அதற்குத் தக்க மருந்து கிடையாது. மாதக் கணக்கில் சானடோரியத்தில் படுத்திருக்க வேண்டும். பிழைப்பும் போகும், ஊராரும் விலகுவர். நேயர்களே, அவ்வாறு தவறாக முத்திரை குத்தப்பட்ட சிலரை மீட்ட ஓர் அணுவைப்பற்றியே நான் இன்று பேச விழைகிறேன்.

மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஆரோக்கியவரம் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கிருந்த காசநோய் மருத்துவமனையின் டேனிஷ் மருத்துவர் ஃப்ரிமொட்-மோலரும், அவருடன் பார்ட்டன் என்பவரும், சில நோயாளிகளிடம் ஒரு முரண்பாட்டைக் கண்டனர். சளியில் காசக் கிருமி இல்லை. ஆனால் இரத்தத்தில் ஒருவகை வெள்ளை அணு மிதமிஞ்சியிருந்தது. 1940-ல் இதனை எழுதி வெளியிட்டனர். ஈசின் என்னும் சாயத்தை ஏற்றுச் சிவப்பதால், 1879-ல் பால் ஏர்லிக் இனங்கண்ட இவ்வணுவுக்கு ஈசினோபில் என்று பெயர். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சாதாரணமாக 500-க்குள் அடங்கும் இவை, இந்நோயில் 3000-ஐயும் தாண்டும்.

1943-ல் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் 81 நோயாளிகளை ஆராய்ந்து, 'வெப்பநாட்டு ஈசினோபீலியா' என்று இதற்குப் பெயர் சூட்டினார். ஆர்சனிக் கலந்த ஊசி மருந்தால் பலர் குணமுற்றனர். ஏன் குணமாயிற்று என்பதுதான் விளங்கவில்லை. காரணம் அறியாமல் நோயைத் தீர்ப்பது வைத்தியத்துக்குச் சற்று அவமானந்தான் என்பேன்.

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின்மீது ஐயம் விழுந்தது. ஆனால் நோயாளிகளின் இரத்தத்தில் அதன் குஞ்சுகள் தென்படவில்லையே! விடை வேலூரிலிருந்து வந்தது. 1960-ல் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜாப், கால்ட் மூவரும் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றின் திசுக்களிலேயே நுண்புழுக்களைக் காட்டினர். இரத்தத்தில் தேடியது, திசுவில் மடிந்து கிடந்தது. கொசு புகுத்திய புழுவின் குஞ்சுகளை உடலின் காவற்படை நுரையீரலில் மறித்து அழிக்கிறது; அப்போரில் நுரையீரலே புண்படுகிறது.

பின்னர்ச் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தாரும் அமெரிக்க ஆய்வாளரும் நோயாளிகளின் நுரையீரலை உப்புநீரால் கழுவி அந்நீரைச் சோதித்தனர். 1987-ல் வெளிவந்த முடிவின்படி, அதிலிருந்த அணுக்களில் ஏறத்தாழப் பாதி ஈசினோபில்களே. டைஈதைல்கார்பமசைன் மாத்திரை கொடுத்ததும் இரண்டு வாரத்திற்குள் அவை வெகுவாகக் குறைந்தன. இன்றும் மூன்று வாரம் உட்கொள்ளும் மருந்து அதுவே. எனினும் சிலரிடம் அழற்சி சிறிதளவு எஞ்சி நிற்கிறது. நாள்பட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிறது.