பல கைகள் பின்னிய போர்வை

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கப்பல்களையும் கோட்டைகளையும் பற்றியே எழுதுவர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் ஆகியோர் இத்துறைமுகத்தின்மேற் கண் வைத்த கதை யாவரும் அறிந்ததே. ஆயினும் கரையோர மக்களின் வாழ்வு பீரங்கியால் மட்டும் உருவாவதன்று, நூலாலும் உருவாவது. நிலாவெளியிலும் மூதூரிலும் கரைவலை இழுப்போரைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். ஒருவர் தனித்து இழுக்க இயலாத வலை அது. இரு கயிறுகளையும் இரு அணியினர் ஒத்து இழுத்தாலன்றி மீன் கரை சேராது. அந்த வலையைப் போலவே பலர் கூடினாலன்றி முடியாத வேறொரு நூல்வேலையைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

குரோஷே என்பது முனை வளைந்த ஓர் ஊசியும் நூலும் கொண்டு கண்ணிக்குள் கண்ணி கோத்துச் செல்லும் பின்னல். சிறு கொக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே அதன் பெயராயிற்று. இரண்டு ஊசிகளாற் பின்னும் கம்பளிப் பின்னலில் பல கண்ணிகள் ஒரே வேளையில் ஊசியில் நிற்கும்; குரோஷேயில் பெரும்பாலும் ஒன்றே நிற்கும். ஆதலால் எவ்விடத்திலும் நிறுத்திவிட்டு, அடுப்பைக் கவனித்து வந்து மீண்டும் தொடரலாம். போர்வைக்கான சதுரம் நடுவிலே தொடங்கிச் சுற்றுச் சுற்றாக விரியும். அவரவர் வீட்டிற் பின்னிய சதுரங்களை ஒன்றாகப் பிணைத்தாற் போர்வை ஆகும். வீட்டை விட்டு நீண்ட நேரம் நீங்க இயலாத பெண்களும் ஒரு பெரும்பணியிற் பங்குகொள்ள இம்முறை வழிசெய்கிறது.

தமிழகத்தின் தென்கோடியில் நூற்பின்னல் வெறும் பொழுதுபோக்காக வரவில்லை. 1819இல் நாகர்கோயிலுக்கு வந்த இலண்டன் மிஷன் சங்கத்துச் சார்ல்ஸ் மால்ட் என்பவரின் துணைவியார் மார்த்தா மால்ட், தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னலைக் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவிய காலம் அது. 1855இலேதான் அங்கு அது ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, அடிமைக் குடும்பத்து மாணவியர் சிலர் தாம் பின்னிய லேசினால் ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையைப் பெற்றனர்.

ஆனால் நூலைக் கையிலெடுத்த எல்லாரும் விடுதலையும் நட்பும் பெற்றனர் என்று கொள்வது பிழையாகும். ஆந்திரத்து நரசாபுரத்திலும் மிஷனரிகள் வழியாகவே குரோஷே லேஸ் பரவியது. அங்குள்ள பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் அறிஞர் எழுதிய ஆய்வுநூல் 1982இல் வெளிவந்தது. ஒருத்தி பூவைப் பின்னுவாள். வேறொருத்தி அதனை இணைப்பாள். விற்று இலாபம் காண்போர் வேறு. உலகச் சந்தைக்காக உழைத்தும், இல்லத்தரசியர் ஓய்வு நேரத்திற் செய்யும் வேலை என்றே அவ்வுழைப்பு எண்ணப்பட்டது. கூலியும் மிகச் சிறிது. துண்டுகள் இணைந்தன, பின்னியவர்கள் இணையவில்லை. எனவே நட்பை வளர்ப்பது நூலன்று, கூடியிருந்து இணைக்கும் செயலே என்பது தெளிவு.

இதற்கு மறுதலையான சான்று ஒன்று 1942இல் கிடைக்கிறது. அவ்வாண்டு பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலைமீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதே காலத்தில், சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் நானூறுக்கும் மேற்பட்ட பெண்களும் பிள்ளைகளும் அடைபட்டிருந்தனர். கனடா நாட்டவரான எதெல் மல்வேனி அம்மையார், ஆளுக்கொரு சதுரத் துணியில் தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றைப் பூத்தைக்குமாறு அப்பெண்களைத் தூண்டினார். ஒவ்வொன்றும் 66 சதுரங்கள் கொண்ட போர்வைகள் மூன்று உருவாயின. அது குரோஷே அன்று, தையலே. ஆயினும் வழி ஒன்றுதான். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்களுக்கு ஒவ்வொன்றும், காயமுற்ற ஜப்பானிய வீரர்களுக்கு ஒன்றும் என அவை உரியவாக்கப்பட்டன. சதுரங்களில் தைத்திருந்த பெயர்கள், வேறிடத்துச் சிறைப்பட்டிருந்த கணவன்மாருக்குத் தம் மனைவியர் உயிரோடிருக்கும் செய்தியைக் கூறின. பகைவருக்கும் ஒரு போர்வை என்ற ஏற்பாட்டில் அன்பும் இருந்தது, காவலரின் இசைவைப் பெறும் மதிநுட்பமும் இருந்தது.

அண்மைக் காலத்துச் சான்று சென்னையிலுண்டு. சுபாஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்னும் குழுவினர், 2016 சனவரி 31ஆம் நாள் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷே போர்வையை அமைத்துக் கின்னஸ் சாதனை நிகழ்த்தினர். பல ஊர்களிலிருந்தபடியே பின்னி அனுப்பிய பெண்கள் அதிற் பங்குகொண்டனர். சாதனைக்குப் பின் அப்பெரும் போர்வை பிரிக்கப்பட்டு, இல்லாதோருக்கு வழங்கப்பட்டது.

இனி நம் துறைமுக மாவட்டத்தை நோக்குவோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகத்தாரும் பெருந்தொகையினராக வாழும் மாவட்டம் இது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை எவர் மொழியையும் கேட்டு அழிக்கவில்லை. 2006இல் மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தனர். போர் 2009இல் முடிந்தது. ஆனால் அயலாரிடையே அறுந்த நம்பிக்கை ஆணையொன்றினால் மீள்வதில்லை.

கூட்டுப் போர்வை இங்கே கற்பிக்கும் பாடம் மிக எளியது. சதுரத்தின் அளவில் எல்லாரும் ஒத்திருக்க வேண்டும். நிறமும் கோலமும் அவரவர் விருப்பம். சிலர் கை இறுக்கமாகப் பின்னும், சிலர் கை தளர்வாகப் பின்னும். ஒரே நூலும் ஒரே ஊசியும் கொண்டு பின்னினும் சதுரங்கள் சிறிதும் பெரிதுமாக அமையும். அப்பொழுது ஒருத்தி மற்றொருத்தியிடம், “இதனைப் பிரித்து மீண்டும் பின்னுங்கள்” என்று சொல்ல வேண்டும். மற்றவளும் அதனைப் பொறுத்துக் கேட்க வேண்டும். மொழி வேறுபட்டால் விரலாற் காட்டியே சொல்லலாம். குறையைச் சொல்லவும் கேட்கவும் துணியும் இருவரிடையே நம்பிக்கை முளைத்துவிட்டது. கரைவலை இழுக்கும் கடற்கரையில் இப்பாடம் புதியதன்று. ஆண்கள் கயிற்றிற் கற்றதைப் பெண்கள் நூலிற் கற்பது அரியதும் அன்று.