கூடிக் குடியை வென்றோர்

குடிப்பழக்கத்தை ஒழிப்பதற்கு உலகம் கையாண்ட வழிகள் பல. வள்ளுவர் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். சமயங்கள் விலக்கின, அரசுகள் சட்டமியற்றின. ஐக்கிய அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டிலே நாடளாவிய மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கள்ளச் சாராய வாணிகம் பெருகியது. 1933ஆம் ஆண்டின் இறுதியிற் சட்டமே நீக்கப்பட்டது. அதன்பின் ஈராண்டு நிறைவதற்குள் அந்நாட்டிலேயே வேறொரு வழி பிறந்தது. குடிக்கு அடிமையானோர் தாமே ஒருங்கு கூடி, ஒருவரையொருவர் தாங்கி மீளும் வழி அது. அதன் வரலாற்றையே இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

இவ்வெண்ணத்துக்கு முன்னோடி இல்லாமலில்லை. 1840ஆம் ஆண்டில், பால்ற்றிமோர் நகரத்து மதுக்கடையொன்றிற் கூடிய குடிகாரர் அறுவர், இனிக் குடிப்பதில்லையென உறுதி பூண்டு ஒரு சங்கம் அமைத்தனர். வாஷிங்ரன் பெயர் தாங்கிய அச்சங்கத்திற் பல்லாயிரவர் சேர்ந்தனர். ஆயினும், பிற வழக்குகளிலும் பூசல்களிலும் சிக்கிச் சில ஆண்டுகளில் அது மங்கி மறைந்தது.

இனி, 1935ஆம் ஆண்டு மே மாதத்துக்கு வருவோம். வில்லியம் வில்சன் என்னும் நியூ யோர்க் பங்குச் சந்தைத் தரகர் வாணிக அலுவலாக ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகருக்கு வந்திருந்தார். குடியால் வாழ்விழந்த அவர், அதனைக் கைவிட்டு ஐந்து திங்களே ஆகியிருந்தன. வந்த கருமம் கைகூடவில்லை. தங்கியிருந்த ஹோட்டலின் மதுச்சாலை அவரை அழைத்தது. அப்போது ஓர் உண்மை அவர் நினைவுக்கு வந்தது. முந்திய மாதங்களில் அவர் பல குடிகாரரைத் தேடிச் சென்று பேசியிருந்தார். அவர்களில் எவரும் திருந்தவில்லை. ஆனால் பேசிய அவர் குடியாதிருந்தார். ஆகவே, தம்மைக் காத்துக்கொள்ள இன்னொரு குடிகாரரைக் காணவேண்டுமெனத் துணிந்தார். அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் ஒரு குருவானவரை அழைத்தார். அவ்வழியே ஹென்றியேற்றா சைபர்லிங் என்னும் அம்மையாரின் தொடர்பு கிடைத்தது. மறுநாள் அவ்வம்மையாரின் இல்லத்தில் ரொபேட் சிமித் என்னும் சத்திர வைத்தியரை வில்சன் சந்தித்தார்.

வைத்தியரும் குடியால் நலிந்தவரே. கால் மணி நேரம் மட்டும் பேசுவதென்று வந்தவர், பல மணி நேரம் அமர்ந்திருந்தார். அறிவுரை அவருக்குப் புதிதன்று. தாம் பட்ட துன்பத்தையே தானும் பட்டவன் வாயிலாகக் கேட்டதே புதிது. இடையில் ஒருமுறை வழுவிய அவர், பின்னர் முற்றாக நிறுத்தினார். அவர் கடைசியாகக் குடித்ததாகக் கொள்ளப்படும் 1935 யூன் 10ஆம் நாளே இயக்கத்தின் தோற்ற நாளாகப் போற்றப்படுகின்றது.

முதலில் வீடுகளிலேயே கூட்டங்கள் நடந்தன. ஆனால் நோயாளன் அவ்வீட்டைக் கண்டடைவது எவ்வாறு? ஆஸ்பத்திரிகள் பலவும் குடிகாரரை ஏற்கத் தயங்கிய காலம் அது. 1939ஆம் ஆண்டில் அக்ரன் புனித தோமையார் ஆஸ்பத்திரியில், அருட்சகோதரி இக்னேஷியா ஒரு குடிநோயாளரை இரைப்பை அழற்சி எனப் பதிந்து அனுமதித்தார் என்பர். அவ்வாண்டிலேயே இயக்கத்தின் நூலும் வெளிவந்தது. 1941ஆம் ஆண்டு மார்ச்சு முதலாம் நாள், பெரும் வார இதழொன்று இவ்வியக்கம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. உடனே நியூ யோர்க் அலுவலகத்துக்கு ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. குடிப்போர் எழுதினர், அவர்தம் மனைவியரும் எழுதினர். ஏறத்தாழ 2,000 ஆக இருந்த உறுப்பினர் தொகை ஆண்டிறுதியில் 8,000 வரை உயர்ந்தது.

கூட்டம் பெருகவே அச்சமும் பெருகியது. யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என ஒவ்வொரு குழுவும் விதிகள் வகுத்தது. அவ்விதிகள் அனைத்தையும் ஒருங்கே நடைமுறைப்படுத்தினால் எவருமே உள்ளே வரமுடியாதென்பது பின்னரே புலனாயிற்று. 1950ஆம் ஆண்டு கிளீவ்லண்ட் மாநாடு ஏற்றுக்கொண்ட பன்னிரு மரபுகள் இதனைத் தெளிவாக்கின. குடியை விடவேண்டுமென்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தகுதி. பெயர் வெளியிடப்படாது, கட்டணமில்லை, வெளிப்பூசல்களிற் சங்கம் தலையிடாது. பால்ற்றிமோர்ச் சங்கத்தை வீழ்த்திய குழியை இவர்கள் இவ்வாறு தாண்டினர்.

கூட்டம் வைத்தியத்துக்கு மாற்றன்று. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கு வைத்தியர் துணை வேண்டும். கூட்டத்துக்கு வந்தோர் யாவரும் மீண்டனர் என்றும் கூறுவதற்கில்லை. எனினும், 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீடொன்று, குடியைத் தொடர்ந்து விட்டிருப்பதற்கு இவ்வழி ஏனைய சிகிச்சை முறைகளுக்குக் குறைந்ததன்று எனக் காட்டியது.

குடியனை ஊர் இகழ்கின்றது. குடும்பமோ நாணி மறைக்கின்றது. மறைத்த நோய் ஆறுவதில்லை. அன்று வில்சன் தொலைபேசியை எடுத்தது பிறருக்கு உபதேசம் செய்வதற்கன்று, தாம் பிழைப்பதற்கே. கேட்கத் துணிந்த அவரும் மீண்டார். கேட்டு வந்த வைத்தியரும் மீண்டார். துணை நாடுதல் இழிவன்று என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.