அந்த மூடியைத் திறக்காதீங்க: கார் என்ஜின் ஏன் கொதிக்குது?

இன்னைக்கு எபிசோட், என் வலது கையில இருக்கிற ஒரு தழும்புல இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் மே மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். திண்டிவனத்துல இருந்து சென்னைக்குத் திரும்பிட்டு இருந்தேன். என்னோடது கைமாறி வந்த பழைய கார். செங்கல்பட்டு வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. அங்க டிராஃபிக்ல மாட்டினேன். பத்தே நிமிஷத்துல டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. பானெட்ல இருந்து ஆவி வந்துச்சு.

ஓரமா நிறுத்தினேன். சின்ன வயசுல ஏற்காடு மலை ஏறும்போது அப்பா எங்க அம்பாசடர்ல செஞ்சது ஞாபகம் வந்துச்சு. ஈரத்துணியை ரேடியேட்டர் மூடி மேல போட்டுத் திருகினேன். அடுத்த நொடி கொதிதண்ணி என் முழங்கை வரைக்கும் அடிச்சுது.

அப்பா எத்தனையோ தடவை செஞ்ச வேலை. எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு? கைக்குக் கட்டுப் போட்டுட்டு இதைத்தான் தேட ஆரம்பிச்சேன். பதில் கிடைக்க 1888 வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு.

அந்த வருஷம் ஆகஸ்ட் மாசம், ஜெர்மனியில பெர்தா பென்ஸ் தன்னோட ரெண்டு பையன்களைக் கூட்டிக்கிட்டு, கணவர் கார்ல் பென்ஸுக்குத் தெரியாம அவர் செஞ்ச மூணு சக்கர வண்டியை எடுத்துட்டுக் கிளம்பினாங்க. மான்ஹைம்ல இருந்து போர்ட்ஸ்ஹைம், நூறு கிலோமீட்டருக்கு மேல. உலகத்தின் முதல் நீண்ட கார் பயணம்னு இதைத்தான் சொல்றாங்க. அந்த வண்டியில தண்ணி கொதிக்கிறது கோளாறு இல்ல. அதோட கூலிங் முறையே அதுதான். என்ஜினைச் சுத்தி இருக்கிற தண்ணி கொதிச்சு ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துட்டுப் போயிடும். அதனால வழி நெடுக நிறுத்தி நிறுத்தித் தண்ணி ஊத்தணும். பெட்ரோலோட சக்தியில பாதிக்கு மேல சூடாத்தான் வெளிய போகுது. அந்தச் சூட்டை எங்க கொண்டுபோய் விடுறதுங்கிறதுதான் கார் என்ஜினோட முதல் தலைவலி.

அடுத்த பெரிய தாவல் 1900 கடைசியில வந்துச்சு. எமில் யெல்லினெக்னு ஒரு தொழிலதிபர், டைம்லர் கம்பெனிகிட்ட வேகமான கார் கேட்டார். தன் மகள் பேரையே அதுக்கு வெச்சார்: மெர்சிடிஸ். வில்ஹெல்ம் மேபாக் அந்த 35 குதிரைசக்தி காருக்குத் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செஞ்சார். ஆறு மில்லிமீட்டர் சதுரத்துல 8,070 குட்டிக் குழாய்கள். குழாய்க்குள்ள காத்து, சுத்தி தண்ணி. பின்னாடி ஒரு ஃபேன், மெதுவாப் போகும்போதும் காத்தை இழுக்கிறதுக்கு. வெறும் 9 லிட்டர் தண்ணி போதும்னு ஆயிடுச்சு.

ஃபோர்டு மாடல் டி, 1908-ல வந்தது. ஆரம்பத்துல வந்த சில வண்டிகளைத் தவிர அதுக்கு வாட்டர் பம்ப்பே கிடையாது. சுடுதண்ணி லேசா இருக்கிறதால தானா மேல ஏறும், ஆறின தண்ணி கீழ இறங்கும். ஆனா தண்ணி மட்டம் மேல் குழாய்க்குக் கீழ இறங்கிட்டா சுழற்சியே நின்னுடும். அப்புறம் பம்ப் எல்லா கார்லயும் வந்துச்சு. தெர்மோஸ்டாட்டும் வந்துச்சு. உள்ள இருக்கிற மெழுகு சுமார் 85 டிகிரியில உருகி விரிஞ்சு, ரேடியேட்டருக்குப் போற வழியைத் திறந்துவிடும்.

கடைசியா வந்ததுதான் என் கையைச் சுட்ட விஷயம்: அழுத்த மூடி. குக்கர் தத்துவம்தான். அழுத்தம் ஏறினா தண்ணியோட கொதிநிலையும் ஏறும். இன்னைக்குப் பல கார்கள்ல மூடி சுமார் ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கும். அப்போ தண்ணி 120 டிகிரி கிட்டப் போனாத்தான் கொதிக்கும். நீங்க மூடியைத் திறந்தா அழுத்தம் சட்டுனு இறங்கிடும். உள்ள இருக்கிற 110 டிகிரி தண்ணி ஒரே நேரத்துல கொதிச்சுப் பொங்கும். அப்பா காலத்து வண்டிகள்ல இந்த அழுத்தம் ரொம்பக் குறைவு.

இந்த வரலாறு தெரிஞ்சா கோளாறையும் கண்டுபிடிச்சிடலாம். ஒவ்வொரு பாகமும் ஒரு பழைய பிரச்சனைக்கு வந்த பதில். எந்தப் பிரச்சனை திரும்ப வந்திருக்குன்னு பாருங்க.

டிராஃபிக்ல மட்டும் சூடாகி, வேகமாப் போனா சரியாகுதா? ஃபேனைப் பாருங்க. ஹைவேல வேகமாப் போகும்போதும் சூடாகுதா? ரேடியேட்டர் அடைச்சிருக்கலாம், பம்ப் போயிருக்கலாம். மேல் ஹோஸ் சுடுது, கீழ் ஹோஸ் சில்லுனு இருக்கா? தெர்மோஸ்டாட் திறக்காம மாட்டியிருக்கலாம். வெளிய ஒழுகல் இல்லாம தண்ணி குறைஞ்சுகிட்டே வருதா, சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்காம வருதா? ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அது பெரிய செலவு.

முள்ளு ஏறினா உடனே ஏசியை அணைச்சு, ஹீட்டரை முழுசா வைங்க. வியர்த்துக் கொட்டும், ஆனா ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஓரமா நிறுத்தி என்ஜினை ஆஃப் பண்ணுங்க. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே"ன்னு ஓட்டினா அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைஞ்சிடும். மூடியைத் தொடாதீங்க. என்ஜின் நல்லா ஆறுற வரைக்கும் பச்சைத்தண்ணியும் ஊத்தாதீங்க, சூட்டுல விரிசல் விடலாம்.

என் கார்ல என்ன கோளாறு? மெக்கானிக் அண்ணன் அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சார். ரேடியேட்டர் ஃபேனோட ஃபியூஸ் போயிருந்துச்சு. மாத்தினதும் ஃபேன் சுத்திச்சு. அவ்வளவுதான்.

கட்டோட வீட்டுக்குப் போனதும் அப்பாகிட்ட கேட்டேன், "நீங்களும் துணி போட்டுத்தானே திறந்தீங்க?"

அப்பா என் கையைப் பாத்துட்டுச் சொன்னார்: "ஏண்டா, அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் உக்காந்து டீ குடிப்போமே, அது உனக்கு ஞாபகம் இல்லையா?"

இல்ல. எனக்கு அந்தத் துணி மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுக்குள்ள உங்க கார் சூடானா, முதல்ல போய் ஒரு டீ குடிங்க.