இறப்பருக்கு ருசியில்லை, அரிசிக்கு உண்டு

1952 டிசம்பர் 18ஆம் திகதி இலங்கையும் சீனாவும் பீக்கிங் நகரில் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டன. ஆண்டொன்றுக்கு 50,000 மீற்றிக் தொன் இறப்பர் இங்கிருந்து அங்கு செல்லும். 270,000 மீற்றிக் தொன் அரிசி அங்கிருந்து இங்கு வரும். ஒப்பந்தத்தின் காலம் ஐந்தாண்டுகள். பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராயிருந்த ஆர்.ஜீ. சேனநாயக்க இதன் சூத்திரதாரி. சீனாவுடன் தூதரக உறவு ஏற்படுவதற்கு நான்காண்டுகளுக்கு முன்னரே நடந்த காரியம் இது.

அன்றைய நெருக்கடியை எண்ணிப் பார்த்தால் அதில் வியப்பில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது நமது அரிசிக் களஞ்சியம் கைநழுவியது. பங்கீட்டு முறை வந்தது. கொரிய யுத்தத்தால் ஏறிய இறப்பர் விலை பின்னர் சரிந்தது. அரிசியோ உலகச் சந்தையில் அரிதாயிற்று. சீனா இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடுதலாகக் கொடுத்தது. கம்யூனிச நாடுகளுக்கு மூலப்பொருள் விற்றதற்காக அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஆயினும் ஒப்பந்தம் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, 1982 வரை நீடித்தது. கொள்கையைவிட வயிறு பெரிதென்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட தருணம் அது.

ஆனால், ஒப்பந்தத்தில் இடம்பெறாத ஒன்றுண்டு, அது நாக்கு. இறப்பரை வாங்குபவர் தரம் பார்ப்பார், ருசி பார்ப்பதில்லை. அரிசி அப்படியன்று. கல்முனைக் கரையோரத்தில் சோற்றுக்குப் புழுங்கலரிசி வேண்டும். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் இடிப்பதற்குச் சிவப்புப் பச்சையரிசி வேண்டும். ‘அரிசி, இத்தனை தொன்’ என்று எழுதும் பேனாவுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதனால்தான் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அது நம்மவர் வாயில் ‘கூப்பன் அரிசி’ என்ற ஒரே பெயரைப் பெற்றது. களஞ்சிய வாடை வீசும் அந்த அரிசியைப் பலமுறை கழுவி உலையிலிட்டதை எங்களூர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆனாலும் அதை இகழ்ந்து பேச ஏழைக்கு வசதியிருக்கவில்லை. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. அந்த ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். மக்கள் போராடியது ருசிக்காக அல்ல, விலைக்காக.

இதில் நமது பிரதேசத்துக்கு ஒரு முரணுமுண்டு. அதே காலத்தில்தான் இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டு, கல்லோயாத் திட்டத்தின் நீர் வயல்களுக்கு வரத் தொடங்கியிருந்தது. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் நெல் விளைந்துகொண்டிருக்க, துறைமுகத்திலோ வெளிநாட்டு அரிசி இறங்கிக்கொண்டிருந்தது.

நாக்கை வென்றது அந்நிய அரிசியல்ல, கோதுமை மா. பழக்கமான சோற்றோடு ஒப்பிட்டு அந்நிய அரிசியைக் குறை கூறினோம். பாணை ஒப்பிடப் பழைய பண்டம் எதுவும் இருக்கவில்லை, மலிவாகவும் கிடைத்தது, ஆகவே எதிர்ப்பின்றி நுழைந்தது. 1980இல் திருகோணமலையில் பிறீமா ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர் அது மேலும் வேரூன்றியது. இன்று கல்முனைக் கடைத்தெருவில் பராட்டாவை அந்நிய உணவென்று எவரும் சொல்வதில்லை.

2024 டிசம்பரில் அரிசித் தட்டுப்பாடு ஏற்பட்டு, இறக்குமதிக்குத் தற்காலிக அனுமதி வழங்கப்பட்டபோதும் பழைய கதைதான். தொன் கணக்கில் அரிசி வந்தது. மக்கள் கடைகளில் தேடியதோ சிவப்பரிசியை. அதை விரும்பிப் பயிரிடும் நாடுகள் சிலவே. நினைத்தவுடன் கப்பலில் ஏற்றி வர இயலாது.

வணிக ஒப்பந்தங்கள் பட்டினியைத் தடுக்கும். அதற்காக நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால், நாம் விரும்பி உண்பதை நமது வயலிலேயே விளைவிக்கும் விவசாயியை மறந்தால், அந்த இடத்தை எந்தக் கப்பலாலும் நிரப்ப முடியாது.